குகையை அறிதலும் அறிவித்தலும்

நுழையும்முன்

ஓர் ஊரின் செல்வங்களுள் சில கண்முன்னே நிற்கும். சில பாறை இடுக்குகளில் மறைந்திருக்கும். மறைந்திருப்பதை அறிந்தவர் சொல்லாமலே போனால் வரலாறு இழப்புக்கு உள்ளாகும். சில வேளைகளில் உயிரும் இழப்புக்கு உள்ளாகும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாலோ, மறைந்திருந்த அச்செல்வமே அழிந்துபோகும். அவ்வாறாயின் குகைகளைப் பற்றிய அறிவை எவருடன், எவ்வளவு பகிர்வது? திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து தொடங்கி இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

குன்றுகள் சூழ்ந்த சமவெளி

திண்டு போன்ற கல் என்னும் பொருளில் பெயர்பெற்ற ஊர் திண்டுக்கல். நகரையொட்டி எழுந்து நிற்கும் அவ்வொற்றைப் பாறையின்மேல் நாயக்கர் காலத்துக் கோட்டை அமைந்துள்ளது. அங்கிருந்து நோக்கினால் ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனிமலைத் தொடரும் தெரியும். இடையில் பரந்த சமவெளி. அச்சமவெளியிலும் ஆங்காங்கே கரடுகளும் மொட்டைப் பாறைகளும் தலைதூக்கி நிற்கும். இக்குன்றுகள் பலவற்றில் சிறியனவும் பெரியனவுமாகக் குகைகள் உள்ளன. ஆடு மேய்ப்போர் மழைக்கு ஒதுங்கும் இடங்களாகவும், துறவியர் தங்கிய இடங்களாகவும், வழிபாட்டு இடங்களாகவும், வௌவால்களின் உறைவிடங்களாகவும் அவை விளங்கிவருகின்றன.

இவற்றைப் பற்றி முதலில் அறிந்தவர்கள் நூலாசிரியர்களோ ஆய்வாளர்களோ அல்லர். அம்மலைகளைச் சார்ந்து வாழும் மக்களே. பழனிமலைப் பகுதியில் வாழும் பளியர் பாறை நிழல்களைத் தங்குமிடமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். தேன் எடுப்பதில் வல்லவர்கள். எந்தப் பாறையில் தேனடை தொங்கும், எந்த முழையில் கரடி படுத்திருக்கும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பன அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செய்திகள். எழுத்தில் இல்லாத அவ்வறிவு பெயர்களில் தங்கியிருக்கிறது. புலிக்குகை, கரடிப்புடவு, வௌவால் குகை என்பன போலத் தமிழகத்து மலைகளில் வழங்கும் பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. அவை எச்சரிக்கைகளும் ஆகும். பெயரைக் கேட்டவுடனேயே உள்ளே என்ன இருக்கக்கூடும் என்பது வழிச்செல்வோருக்குத் தெரிந்துவிடும். ஆக, குகைச் செய்தியைப் பகிரும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

தெரிந்து தெளிவோம்

குகையைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. முழை, அளை, விடர், பாழி என்பன பழைய இலக்கியங்களில் பயின்று வருவன. பாறை பிளந்து உண்டான வெடிப்பை விடர் என்பர்; உட்புறம் பொள்ளலாக அமைந்த இடத்தை அளை என்பர். துறவியர் தங்கிய குகை பள்ளி எனப்பட்டது. தென்மாவட்டங்களில் இன்றும் பேச்சுவழக்கில் புடவு என்னும் சொல் வழங்குகிறது. சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டப்பட்ட கற்படுக்கைகளை ஊர்மக்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர்.

பாறையின் இயல்பும் குகையின் இயல்பும்

எல்லாக் குகைகளும் ஒரே வகையில் உருவாவதில்லை. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாக மாறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் புகுந்து, பல்லாயிரம் ஆண்டுகள் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இவ்வாறு உருவாகும் குகைகள் மிக நீளமானவை. கிளைகள் பல உடையவை. ஆந்திரத்தின் பெலும் குகைகளும் மேகாலயாவின் குகைகள் பலவும் இவ்வகையைச் சார்ந்தவை.

திண்டுக்கல் வட்டாரத்தின் பாறைகளோ பெரும்பாலும் கடினமானவை. கிரானைட், நைஸ், சார்னோக்கைட் போன்ற இப்பாறைகளை மழைநீர் எளிதில் கரைப்பதில்லை. எனவே இங்குள்ள குகைகள் வேறு வழிகளில் தோன்றின. பகல் வெப்பத்தாலும் இரவுக் குளிராலும் பாறையின் மேற்புறம் வெங்காயத் தோல்போல ஏடு ஏடாக உரிகிறது. அடிப்பகுதி உதிர்ந்து மேற்பகுதி கூரைபோல நீண்டு நிற்கும்போது பாறை நிழல் உண்டாகிறது. பெரும்பாறைகள் உருண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போது அவற்றின் இடைவெளியே குகையாகிறது. பாறையில் உள்ள செங்குத்தான வெடிப்பு காலப்போக்கில் அகலும்போது ஆழமான விடர் தோன்றுகிறது.

இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. பாறை நிழலில் வரலாறு தங்கியிருக்கும். செங்குத்து விடரில் ஆபத்து காத்திருக்கும். சாய்ந்து நிற்கும் பாறைகளுக்கிடையே நுழைந்தவர், அவை அசையக்கூடியவை என்பதை மறத்தல் கூடாது. வெளியிலிருந்து பார்ப்பதற்கு மூன்றும் ‘குகை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

ஐவர்மலை அளித்த ஆண்டு

குகையைப் பற்றிய ஒரு செய்தி எவ்வளவு தொலைவு பயன்தரும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே சான்று உண்டு. பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டிக்கு அருகில் உள்ளது ஐவர்மலை. பாண்டவர் ஐவர் தங்கிய இடம் என்னும் நம்பிக்கையால் இப்பெயர் வழங்குகிறது. பழைய இலக்கியம் கூறும் அயிரை மலை இதுவே என்பது அறிஞர் சிலரின் கருத்து. இம்மலையில் இயற்கையாக அமைந்த நீண்ட குகைத்தளத்தின் மேற்புறப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுடன் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன.

அவற்றுள் ஒன்று, திருவயிரையில் இருந்த பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் சாந்திவீரக் குரவர் என்னும் துறவி புதுப்பித்து, வழிபாட்டுக்கும் துறவியின் உணவுக்கும் பொன் வழங்கிய செய்தியைக் கூறுகிறது. இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு அதிலுள்ள காலக்குறிப்பு. சக ஆண்டு 792 என்பதும் பாண்டிய மன்னன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்பதும் அதில் ஒருசேரக் குறிக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792 என்பது கி.பி. 870. எனவே வரகுணன் அரியணை ஏறிய ஆண்டு கி.பி. 862 என்று வரலாற்றறிஞர்கள் கணித்தனர். மன்னர்களின் ஆட்சியாண்டு மட்டுமே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் பல. அவற்றைக் கொண்டு ஒரு மன்னனின் காலத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. ஐவர்மலைக் கல்வெட்டோ பாண்டியர் வரலாற்றுக்கு அசையாத ஓர் ஆண்டினை அளித்தது.

மலையடிவார மக்கள் அக்குகையைப் பன்னெடுங்காலமாக அறிந்தே இருந்தனர். ஆயினும் அதிலுள்ள எழுத்து மைப்படி எடுக்கப்பட்டு, படிக்கப்பட்டு, அச்சில் வெளிவந்த பின்னரே அவ்வறிவு வரலாறாக மாறியது. ஊராரின் அறிவும் ஆய்வாளரின் அறிவும் சந்தித்த இடத்தில்தான் கி.பி. 862 என்னும் ஆண்டு பிறந்தது.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைத்தளங்களின் வரலாறும் இதனையே கற்பிக்கிறது. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சூவல் கண்டறிந்தார். ஆயினும் அவை உடனே படிக்கப்படவில்லை. படிகள் ஆய்வாளர் பலரின் கைகளுக்குச் சென்றன. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் குகை குகையாகச் சென்று எழுத்துகளை மீண்டும் நேரில் ஆராய்ந்து, 1966ஆம் ஆண்டில் அவற்றின் தொகுப்பை வெளியிட்டார். 2003ஆம் ஆண்டில் விரிவான நூலாகவும் தந்தார். மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் உள்ளது என்பதை இன்று நாம் அறிகிறோம். முதலில் கண்டவர் தம் குறிப்பைத் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தால் இவ்வறிவு நமக்குக் கிட்டியிருக்குமா என்பது எண்ணத்தக்கது.

அறியாமல் இறங்குதல்

திண்டுக்கல் மாவட்டத்தின் மிகவும் பெயர்பெற்ற குகை சமவெளியில் இல்லை. கொடைக்கானல் மலையில் உள்ளது. தூண்பாறைகளை ஒட்டி, செங்குத்தான பாறைகளுக்கிடையே ஆழ்ந்து செல்லும் விடர்களின் தொகுதி அது. 1821ஆம் ஆண்டில் பழனிமலையை அளவிட்ட பி.எஸ். வார்டு என்னும் ஆங்கிலேய அலுவலர் இதனைப் பதிவு செய்தார். ஆங்கிலேயர் இதனைப் ‘பிசாசின் அடுக்களை’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினர். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குணா’ திரைப்படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்ட பின்னர்க் குணா குகை என்னும் பெயர் நிலைத்தது.

பெயர் பரவியது, ஆயினும் குகையின் இயல்பைப் பற்றிய அறிவு அவ்வாறு பரவவில்லை. தரைபோலத் தோன்றும் இடத்தில் இலைச்சருகு மூடிய குழிகள் இருக்கும் என்பதும், மழைக்காலத்தில் பாசி படிந்த பாறை வழுக்கும் என்பதும் திரையில் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டில் கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களுள் ஒருவர் அங்கிருந்த குழிக்குள் விழுந்தார். மற்றொரு நண்பர் கயிற்றின் துணையுடன் இறங்கி அவரை உயிருடன் மீட்டார். அத்துணிவைப் பாராட்டி நடுவண் அரசு ஜீவன் ரக்ஷா பதக்கம் வழங்கியது. இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட மலையாளத் திரைப்படம் 2024ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அது வெளிவந்த சில நாள்களிலேயே, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இறங்கிய இளைஞர் மூவரை வனத்துறையினர் கைது செய்தனர்.

இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. குழியில் ஒருவர் விழுந்தவுடன் மீட்போரின் உள்ளத்தில் எழும் வினாக்கள் மூன்று: குழி எவ்வளவு ஆழம்? எந்த இடத்தில் குறுகுகிறது? அடியில் நீரா, பாறையா? இவற்றுக்கு விடை தேடுவதிலேயே உயிர்காக்கும் நேரம் கரைந்துவிடும். அளந்து வரையப்பட்ட ஒரு படம் அந்நேரத்தைக் காக்கும். புகழ் வேறு, அறிவு வேறு. ஓரிடம் எங்கே உள்ளது என்பது மட்டும் பரவி, அது எத்தகையது என்பது பரவாதபோது தீங்கே விளைகிறது.

வரைபடம் காத்த உயிர்கள்

தாய்லாந்தின் வடபகுதியில் உள்ள தாம் லுவாங் குகை இதற்கு மறுபக்கச் சான்று. 2018ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் கால்பந்தாட்டச் சிறுவர் பன்னிருவரும் அவர்களின் துணைப் பயிற்றுநரும் அக்குகைக்குள் சென்றனர். திடீரெனப் பெய்த மழையால் வெள்ளம் புகுந்து, திரும்பும் வழி அடைபட்டது. குகையோ பல கிலோமீட்டர் நீளமுடையது. அவர்கள் எந்தக் கிளையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் என்பது எவருக்கும் தெரியவில்லை.

அக்குகையை முன்னரே பிரெஞ்சு நாட்டுக் குகையாய்வாளர்கள் அளந்து வரைந்திருந்தனர். பின்னர் வந்த பிரித்தானியர் அதனை விரிவுபடுத்தினர். அருகிலேயே குடியிருந்த பிரித்தானியக் குகையாய்வாளர் ஒருவர் அக்குகையுள் பலமுறை சென்று அதன் போக்கினை நன்கறிந்திருந்தார். அவர் தம் அறிவை மீட்புக் குழுவினருடன் உடனே பகிர்ந்துகொண்டார். குகை நீரில் மூழ்கித் தேடுவதில் தேர்ந்த வல்லுநர்களை அழைக்குமாறும் வலியுறுத்தினார். ஜூலை 2ஆம் நாள் முக்குளிப்போர் இருவர் சிறுவர்களைக் கண்டனர். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாள்களில் பதின்மூவரும் உயிருடன் வெளியே கொண்டுவரப்பட்டனர். இம்முயற்சியில் சமன் குணன் என்னும் தாய்லாந்துக் கடற்படை முன்னாள் வீரர் தம் உயிரை ஈந்தார்.

அவ்வரைபடத்தை வரைந்தவர்கள் என்றேனும் ஒருநாள் பதின்மூன்று உயிர்கள் அதனை நம்பியிருக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அளந்ததை முறையாக எழுதி வைத்தனர். வேண்டியவருக்குக் கிடைக்குமாறு செய்தனர். அவ்வளவே.

தெரிந்து தெளிவோம்

குகையை அளப்பது எவ்வாறு? நுழைவாயிலில் ஓர் அடையாளப் புள்ளியைக் குறிப்பர். அங்கிருந்து பார்வை எட்டும் தொலைவில் அடுத்த புள்ளியைக் குறிப்பர். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை நாடாவாலோ லேசர் கருவியாலோ அளப்பர். திசையைத் திசைகாட்டியாலும், ஏற்ற இறக்கத்தைச் சாய்வுமானியாலும் அறிவர். ஒவ்வொரு புள்ளியிலும் இடம், வலம், மேல், கீழ் ஆகிய நான்கு பக்க அளவுகளையும் குறித்து, சுவரின் வடிவத்தை அங்கேயே வரைவர். இவ்வளவுகளைக் கொண்டு மேலிருந்து நோக்கும் படமும் பக்கவாட்டுப் படமும் உருவாக்கப்படும்.

சொல்லாமல் காக்க வேண்டியவை

இதுவரை கண்டவற்றால், அறிந்த அனைத்தையும் அனைவருக்கும் அறிவிப்பதே நன்று என்று தோன்றலாம். அவ்வாறன்று.

பிரான்சு நாட்டின் லாசுகோ குகை 1940ஆம் ஆண்டில் சிறுவர் சிலரால் கண்டறியப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய விலங்கோவியங்கள் அதன் சுவர்களில் புத்தொளியுடன் விளங்கின. 1948ஆம் ஆண்டில் குகை மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. நாள்தோறும் திரண்டவர்களின் மூச்சுக்காற்றும் உடல்வெப்பமும் விளக்கொளியும் குகையின் தட்பவெப்பத்தை மாற்றின. சுவரில் பாசி படர்ந்தது. பதினைந்தே ஆண்டுகளில், 1963ஆம் ஆண்டில், குகை மூடப்பட்டது. பல்லாயிரம் ஆண்டுகள் இருளில் அழியாதிருந்தது, பார்க்க வந்தவர்களின் அன்பினாலேயே அழியத் தொடங்கியது.

அந்நாட்டிலேயே 1994ஆம் ஆண்டு டிசம்பரில் சோவே குகையைக் கண்ட மூவர் இப்பாடத்தை உணர்ந்திருந்தனர். அவர்கள் பயிற்சிபெற்ற குகையாய்வாளர்கள். தரையிலிருந்த பழைய தடங்கள் அழியாதிருக்க நெகிழித் தாள் விரித்து அதன்மேல் நடந்தனர், வாயிலை மறைத்தனர், பொதுமக்களுக்கு உரைக்குமுன் அரசின் பண்பாட்டுத் துறைக்கு அறிவித்தனர். அக்குகை இன்றுவரை மக்களுக்குத் திறக்கப்படவில்லை. அருகில் எழுப்பப்பட்ட மாதிரிக் குகையையே மக்கள் காண்கின்றனர். கண்டறிதல் ஒரு திறன் என்றால், எவரிடம் முதலில் சொல்வது என்று அறிதலும் ஒரு திறனே.

தமிழகத்திலும் இவ்விழப்பு நேர்ந்துள்ளது. நீலகிரியில் கரிக்கையூருக்கு அருகிலுள்ள பாறை ஓவியங்கள் தொன்மை வாய்ந்தவை. மலையேற வந்தவர்கள் அவற்றின்மீது கீறியும் எழுதியும் சிதைத்துள்ளனர். ஐவர்மலை போன்ற இடங்களில் கல்வெட்டின்மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசப்படின் எழுத்து மறைந்துவிடும். எழுத்தை வெட்டியவர் உளியால் பல நாள் உழைத்தார். அதனை அழிப்பதற்கு ஒருவரின் ஒரு நாழிகை போதும்.

ஓவியமும் எழுத்தும் மட்டுமல்ல, உயிர்களும் காக்கப்பட வேண்டியவை. மேகமலைப் பகுதியில் 1948ஆம் ஆண்டில் ஆங்கசு அட்டன் என்பவர் பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அது வேறொரு வகையாகக் கருதப்பட்டு, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேமிப்பில் நெடுநாள் இருந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத புதிய இனம் என்று 1972ஆம் ஆண்டில் அறிவித்தார். பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் இவ்வரிய வௌவால் பகலில் குகைகளில் தங்குகிறது. அக்குகைகளுக்குச் செல்லும் வழியை அனைவரும் அறியுமாறு எழுதுவது அவ்வினத்துக்கு நன்மை செய்வதாகாது. குட்டி ஈனும் காலத்தில் தீப்பந்தமும் கூச்சலும் உள்ளே புகுந்தால் வௌவால்கள் கலைந்து ஓடும். பிடி தளர்ந்த குட்டிகள் தரையில் விழுந்து மடியும்.

வட அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் முதன்முதலாகப் பதிவான வெண்மூக்கு நோய் பல இலட்சம் வௌவால்களைக் கொன்றது. அதற்குக் காரணமான பூஞ்சை குகை மண்ணில் தங்கும். காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குகையிலிருந்து மற்றொரு குகைக்குச் செல்லவல்லது. எனவே பல குகைகள் மூடப்பட்டன. குகைக்குச் செல்வோர் தம் உடைமைகளைத் தூய்மை செய்யும் முறைகளைத் தமக்குள் பரப்பினர். இங்குப் பகிரப்பட்டது குகைக்குச் செல்லும் வழியன்று. குகையைக் காக்கும் வழி.

எதை, எவரிடம், எவ்வளவு?

இவ்வெடுத்துக்காட்டுகளைத் தொகுத்து நோக்கினால், குகையைப் பற்றிய செய்திகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, அனைவரும் அறிய வேண்டியவை. ஒரு குகையின் வரலாறு, அது உருவான விதம், அதிலுள்ள ஆபத்து, எக்காலத்தில் நெருங்கக்கூடாது, எச்சட்டத்தால் காக்கப்படுகிறது என்பன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றை மறைப்பதால் எப்பயனும் இல்லை.

இரண்டாவது, பொறுப்புடையோர் அறிய வேண்டியவை. அளவு வரைபடம், குழிகளின் ஆழம், வெள்ளம் புகும் வழி, கல்வெட்டுகளின் சரியான இடம் ஆகியன தொல்லியல் துறை, வனத்துறை, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, ஊராட்சி ஆகியோரிடம் இருத்தல் வேண்டும். தேர்ந்த குகையாய்வாளர்கள் தங்களுக்குள் இவற்றைப் பரிமாறிக்கொள்ளுதலும் வேண்டும். ஒருவர் அளந்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்வதே இத்துறையின் வளர்ச்சி.

மூன்றாவது, காவல் அமையும்வரை வெளியிடக்கூடாதவை. காப்பில்லாத பாறை ஓவியங்களுக்கும் அரிய உயிர்களின் உறைவிடங்களுக்கும் செல்லும் துல்லியமான வழி இவ்வகையில் அடங்கும். அமெரிக்க ஒன்றியத்தில் 1988ஆம் ஆண்டின் குகைவளப் பாதுகாப்புச் சட்டம், சிறப்புடைய குகைகளின் இடத்தைப் பொதுவில் வெளியிடுவதைக் கட்டுப்படுத்துகிறது. இக்காலத்தில் கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படத்தில் எடுத்த இடத்தின் குறிப்பும் தானே பதிவாகிவிடும். ஆகவே நாம் சொல்ல எண்ணாததையும் நம் படம் சொல்லிவிடக்கூடும்.

அளந்து பகிர்தலால் விளையும் நன்மைக்கு மேகாலயா சிறந்த சான்று. அங்குள்ள சாகசக்காரர் சங்கத்தினர் 1992ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு ஆய்வாளர்களோடும் ஊர்மக்களோடும் இணைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைகளைப் பதிவு செய்துள்ளனர். நிலத்துக்கு உரிமையுடைய ஊராரின் இசைவு பெற்றே உள்ளே செல்வது அவர்களின் வழக்கம். அம்மாநிலத்தின் மாவ்ம்லு குகையில் கிடைத்த சுண்ணக்கல் படிவு, 4200 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெரும் வறட்சிக்குச் சான்றளித்தது. அதனால் 2018ஆம் ஆண்டில், புவி வரலாற்றின் இன்றைய காலப்பகுதிக்கே ‘மேகாலயன்’ என்னும் பெயர் வழங்கப்பட்டது.

ஆந்திரத்தின் பெலும் குகையை இராபர்ட் புரூசு ஃபூட் 1884ஆம் ஆண்டில் குறிப்பிட்டார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அது பெரிதும் கவனிக்கப்படாமல், குப்பை கொட்டும் இடமாகவும் கிடந்தது. 1982 முதல் 1984 வரை டேனியல் கெபாவர் தலைமையில் செருமானியக் குழுவினர் அதனை முறையாக ஆராய்ந்தனர். 3229 மீட்டர் நீளமுள்ள குகை அது என்பது தெரிந்தபின் ஊராரும் அரசும் அதனைக் காக்க முன்வந்தனர். கண்டவர் எழுதியதும், பின்வந்தவர் அளந்ததும், ஊரார் காத்ததும் ஆகிய மூன்றும் கூடியபோதே அக்குகை பிழைத்தது.

நம் கடமை

திண்டுக்கல் சமவெளியின் குன்றுகளில் இன்னும் முறையாகப் பதிவு பெறாத முழைகளும் பாறை நிழல்களும் இருக்கக்கூடும். கல்லுடைக்கும் இயந்திரம் ஒரு குன்றை அடையும்போது, அங்கு என்ன இருந்தது என்பதைச் சொல்ல ஒரு பதிவேனும் இல்லையெனில், இழந்தது இன்னது என்று கூட நாம் அறியமாட்டோம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரையும் பறவைகளும் ஊற்றுகளும் முன்னரே பதிவு பெற்றிருந்தமையால், அவற்றின் அருமையை எடுத்துக்காட்டுவது எளிதாயிற்று.

மாணவர்கள் குகைக்குள் நுழையத் தேவையில்லை. உரிய இசைவும் பயிற்சியும் வழிகாட்டியும் இன்றி நுழையவும் கூடாது. ஆனால் வெளியிலிருந்தே செய்யக்கூடியவை பல. ஊர்ப் பெரியோரிடம் குன்றுகளின் பெயர்களையும் அப்பெயர்களின் காரணங்களையும் கேட்டு எழுதலாம். புதிய எழுத்தோ ஓவியமோ கண்ணிற்பட்டால், தொடாமலும் நீர் தெளிக்காமலும் சுண்ணக்கட்டியால் தடவாமலும், ஆசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். செய்தி தந்த மேய்ப்பரின் பெயரையும், அவர் விரும்பினால், குறிப்பில் சேர்க்கலாம். அவரே அவ்வறிவின் முதல் உரிமையாளர்.

குகை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆனால் அதனைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் எவரையோ அதன் வாயிலுக்கு அழைத்துச் செல்கிறது. வருபவர் உயிரோடு திரும்பவும், குகை சிதையாமல் நிற்கவும் உதவும் சொல்லையே நாம் சொல்லுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலும் அருகிலும் உள்ள குன்றுகள், பாறைகள், சுனைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்து, பெயர்க்காரணங்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

2. ‘தொன்மையான இடங்கள் அனைத்தும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி வளாகத்தின் ஒரு பகுதியை அளவுநாடா, திசைகாட்டி ஆகியவற்றைக் கொண்டு அளந்து வரைபடம் உருவாக்குக.

வினாக்கள்

1. திண்டுக்கல் வட்டாரக் குகைகள் சுண்ணாம்புக்கல் குகைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன?

2. ஐவர்மலைக் கல்வெட்டு பாண்டியர் வரலாற்றுக்கு ஆற்றிய பங்கினை விளக்குக.

3. லாசுகோ, சோவே ஆகிய குகைகளைக் கண்டறிந்தபின் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக.

4. குகைச் செய்திகளைப் பகிர்வதில் பின்பற்ற வேண்டிய மூவகைப் பகுப்பினைச் சான்றுகளுடன் கட்டுரைக்க.